பழுத்த வீடு

திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாடிக்கு,

அத்தை எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். வீடுதான் நன்றாக இல்லை. உறையின் மேல் அவசரம் என்று எழுதியது உன்னைப் பயமுறுத்த அல்ல. என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் எங்காவது செருகி வைத்துவிடுவாயோ என்றுதான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்கப் போகிறேன். உன் கையெழுத்து இல்லாமல் முடியாது. பத்திரம் என் மகன் பெயரில் இருக்கிறது. அவன் போய் இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. மனைவி என்று நீயும் அம்மா என்று நானும்தான் அவனுக்கு வாரிசு. வருகிற இருபதாம் தேதிக்குள் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம், தவறினால் வாங்குகிறவர் வேறு வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். வருகிற பணத்தில் பாதி உன்னுடையது. பெரிய தொகை என்று கனவு காணாதே. தெரிய வேண்டியது இவ்வளவுதான். மீதியை நேரமிருந்தால் படி.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பாய். கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். மாடி அறைக்கு மேலே அவன் கட்டிய தண்ணீர்த் தொட்டி அடியில் எங்கோ கசிந்து கசிந்து, தளத்துக்குள் இருக்கிற கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டதாம். முதலில் மாடியில் ஒரு வாளி வைத்தேன். பிறகு இரண்டு வாளி, ஒரு சட்டி. அப்புறம் கூடத்திலும் சொட்ட ஆரம்பித்தது. புத்தக அலமாரியின் மேல் குடையை விரித்து வைத்தேன். போன மாதம் நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கூரைப் பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து என் கட்டிலின் மேல் விழுந்துவிட்டது. நல்லவேளை, மருந்துக் கடையில் கூட்டம். நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து, மாடிக்கு யாரும் போகக் கூடாது என்று கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார். அந்தத் தாளில் இரண்டு பிழை. அவர் தெரு திரும்பியதும் பென்சிலால் திருத்திவிட்டேன்.

இந்த நிலையில் இருக்கிற வீட்டுக்கு வங்கிகள் கடன் கொடுக்காதாம். அதனால் வீடு தேடி வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு குடும்பம் மட்டும் உள்ளே வந்தது. அந்தப் பெண் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள், கீழே விளையாடிய குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதோடு சரி.

அப்படி இருக்கும்போதுதான் கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. 'பழுத்த வீடுகள் உள்ளது உள்ளபடி ரொக்கத்துக்கு வாங்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பழுதான என்று இருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள் வீட்டுக்குள் இப்படி ஒன்றைப் போடலாமா? உடனே அந்த எண்ணுக்குப் போன் செய்து, ஐயா, பழம்தான் பழுக்கும், வீடு பழுக்காது என்றேன். அதற்கு அவர், உங்க வீடு எந்தத் தெரும்மா என்று கேட்டார். வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ரொக்கக்காரர் என்றுதான் அவரை நான் சொல்கிறேன், முகத்துக்கு நேராக அல்ல. ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதாது. அவர் வருகிறார் என்று முந்தைய நாள் முழுவதும் கூட்டிப் பெருக்கி, சுவரில் ஈரம் பூத்த இடத்தில் சுண்ணாம்பு தடவி, மீதி ஈரம் தெரியாதபடி மேலே காலண்டரை மாட்டி வைத்தேன். அவர் நேராகப் போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். எதுக்கும்மா இந்த வேலை, குப்பையைக்கூட நீங்க அள்ள வேண்டாம், வேண்டாத சாமானை அப்படியே போட்டுட்டுப் போங்க, நாங்க எப்படியும் இடிக்கப் போறோம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அவரோடு வந்த ஆள் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போடப் பார்த்து, கரண்ட் இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நம் வீட்டுச் சுவிட்சுதான் உனக்குத் தெரியுமே. ஊரில் எல்லா வீட்டிலும் கீழே தட்டினால் எரியும், இங்கே மேலே தள்ளினால் எரியும். எலக்ட்ரீஷியன் வீடு! வேலை கற்றுக்கொண்ட புதிதில் முதல் பலகையைத் தலைகீழாகப் பூட்டிவிட்டான் உன் வீட்டுக்காரன். அதைக் கழற்றி மாட்ட ரோஷம் இடம் கொடுக்கவில்லை. மற்ற பதினொன்றையும் அதே மாதிரி பூட்டிவிட்டு, இதுதான் புது முறை என்று என்னிடம் சாதித்தான். அந்த ஆளுக்கு இதை விளக்கப் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று என்பதால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பின்னால் பேச்சு வரக் கூடாது என்பதற்காக, எனக்குத் தெரிந்த குறைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். நான் நாலரைப் பக்கம் எழுதினேன். பின்கதவு ஊதிப்போய் முழங்காலால் உதைத்தால்தான் திறக்கும் என்பது முதல், மாடிப்படியில் மூன்றாவது படி மட்டும் அரை விரல் உயரம் கூட என்பது வரை. அவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊர்ல எல்லாரும் குறையை மறைப்பாங்க, நீங்க வீட்டை விக்கிறீங்களா இல்ல விலையைக் குறைக்கச் சொல்றீங்களா என்றார். சமையலறை மேல்தட்டு எட்டாது என்று எழுதியிருந்ததை மட்டும் அடிக்கச் சொன்னார். தட்டு உயரமா இருக்கிறது ஒரு குறையாம்மா என்றார். உன் உயரத்துக்கு அளந்து அவன் அடித்த தட்டு அது. நீ வேலைக்கென்று வெளியூர் போன பிறகு அதில் இருக்கிற டப்பாக்களை நான் இறக்கவே இல்லை. எதில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது. குறைதான், அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, அவர் சொன்ன விலைக்கு நான் முதல் நாளே சரி என்று சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டாம் முறை வந்தார், இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றேன். மூன்றாம் முறையும் வந்தார். விலைக்காக இல்லை. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்வது எனக்கு வேண்டியிருந்தது. நாலாம் முறை போனிலேயே கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இடம் பார்த்துவிட்டேன், கவலைப்படாதே. பழைய அச்சகத்துக்குப் பின்தெருவில் ஒரே ஒரு அறை, ஜன்னல் பெரியது. வீட்டுக்கார அம்மா கண்டிப்பானவர். எட்டு மணிக்கு மேல் விருந்தாளி யாரும் வரக் கூடாது என்றார். எனக்கு யார் வரப் போகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சரிங்க, வந்தால் சீக்கிரம் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை

திங்கட்கிழமை எழுதியதை எடுத்துப் படித்தேன். வளவளவென்று கூரையும் கதவுமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற பிரச்சினை கூரை இல்லை. அதை எழுதத் தைரியம் வரவில்லை, அதனால்தான் இந்த இரண்டு நாள்.

நீ அங்கே வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதினாய். நீ படித்ததெல்லாம் வேறு மொழியில். தமிழ் எழுதப் பழகியதே கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம்தான். கடைச் சாமான் எழுதும்போது சர்க்கரைக்குப் பெரிய ற போடுவாய், நான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவேன், நீ நாக்கைத் துருத்திக் காட்டுவாய், உங்க அம்மாவும் நீயுமாச்சு என்று அவன் என்னைக் காட்டி உன்னிடம் சொல்லிவிட்டு நழுவிவிடுவான். அப்படிப் பழகிய எழுத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனது உனக்கு உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய். கடைசியில், நான் உங்களை மரக்க மாட்டேன் அத்தை என்று எழுதியிருந்தாய்.

அதை நான் நாலு தடவை படித்தேன். பிறகு பென்சிலை எடுத்து, மரக்க என்பதில் ர-வை வட்டமிட்டு ஓரத்தில் ற என்று எழுதினேன். மொத்தம் பதினேழு இடம். அதே கடிதத்தை வேறு உறையில் போட்டு உனக்கே திருப்பி அனுப்பினேன். என் பங்குக்கு ஒரு வரி எழுதவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே நான் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். உன்னை மட்டம் தட்ட அல்ல அம்மாடி, சத்தியமாக அல்ல. உன் எழுத்தைப் பார்த்ததும் கை தானாகப் பென்சிலைத் தேடியது. பழைய விளையாட்டு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். அங்கே நீ நாக்கைத் துருத்துவாய் என்று நினைத்தேன். பதில் வரும், அதிலும் இருபது பிழை இருக்கும் என்று பென்சிலைச் சீவிக்கூட வைத்திருந்தேன். ஒரு மாதம் வரவில்லை. இரண்டு மாதம் வரவில்லை. விளையாட்டுக்கு நடுவில் நின்று சிரிக்க அவன் இல்லாதபோது அந்தக் கடிதம் உன் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது மூன்றாம் மாதம்தான் எனக்கு உறைத்தது. மனம் விட்டு எழுதியவளுக்கு மார்க் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதன்பிறகு போன் செய்ய நாலைந்து தடவை எண்களை அழுத்திவிட்டு நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு.

இன்னொன்று. உன் சித்தியை வங்கியில் பார்த்தேன். என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தார். அந்த உடம்புக்குத் தூண் போதவில்லை. பிறகு தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். உன்னோடு அந்த ஆய்வகத்தில் வேலை செய்கிறவராம், அமைதியானவராம், அடுத்த மாதம் பதிவுத் திருமணமாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவ கிடந்து தவிக்கிறா என்றார். நல்ல செய்திதானே, இதிலே தவிக்க என்ன இருக்கிறது என்றேன். என் டோக்கன் எண்ணை மூன்று தடவை கூப்பிட்டார்களாம், எனக்குக் காதில் விழவில்லை.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அன்றைக்கு முழுவதும் உன்மேல் கோபமாக இருந்தது. சாப்பிடவில்லை. துலக்கி வைத்த பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன். மறுநாள் கோபம் போய்விட்டது, வேறொரு பயம் வந்துவிட்டது. இதுவரைக்கும் யாராவது கேட்டால், எனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள், தூரத்தில் வேலை பார்க்கிறாள் என்று சொல்வேன். பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் அந்த உறவை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த மாதத்துக்குப் பிறகு நீ எனக்கு யார்? வீடும் போய்விட்டால், நீயும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட உலகத்தில் ஒரு தாள்கூட இருக்காது. இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை

ஒரு தப்புக் காரியம் செய்தேன். மாடிக்குப் போனேன். ஒட்டியிருந்த தாளைக் கிழிக்காமல் கதவை ஓரமாகத் திறந்து, சுவரோடு ஒட்டி நடந்து போய், உன் சாமானை எடுத்து வந்தேன். நீலநிற மழைக்கோட்டு, சான்றிதழ்க் கோப்பு, ஒரு ஜோடி செருப்பு, பாதி பின்னிய ஸ்வெட்டர். ஸ்வெட்டர் யாருக்கென்று எனக்குத் தெரியும், கேட்கமாட்டேன். எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் கட்டிவிட்டேன். கோப்பு மட்டும் ஓரத்தில் நனைந்திருந்தது, விசிறியில் உலர்த்தினேன், எழுத்து அழியவில்லை. பார்சலில் அனுப்பட்டுமா, வேண்டாமா என்று சொல். மேல்தட்டு டப்பாக்களையும் ஸ்டூல் போட்டு இறக்கிவிட்டேன். ஒன்றில் மிளகு, ஒன்றில் மெழுகுவர்த்தி, மற்றதெல்லாம் காலி. இதற்கா இரண்டு வருஷம் பயந்தேன்!

பிற்பகல் வக்கீல் ஆபீசுக்குப் போனேன். பத்திரத்தின் வரைவு தயாராக இருந்தது. டைப் அடிக்கிற பெண் சின்ன வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒரே நாளில் ஒன்பது பத்திரம் அடித்தாளாம். கையெழுத்துப் போடுமுன் நான் படிக்க வேண்டும் என்றேன். வக்கீல் சிரித்தார். ஆறு பக்கமும் படித்தேன். ஆறு இடத்தில் பிழை. ஒரு இடத்தில் வீட்டின் வடக்கு எல்லையில் தெரு என்பதற்குத் தேரு என்று இருந்தது. எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தேன், திருத்தி அடித்துக் கொண்டுவந்தாள். உங்க கண்ணுல ஒண்ணும் தப்பாதும்மா என்றாள்.

ஆனால் ஏழாவதாக ஒன்று இருந்தது. நான்காம் பக்கத்தில், விற்பவர்கள் யார் யார் என்று விவரம் வருகிற இடம். முதலில் நான். அடுத்து உன் பெயர், உன் வயது, உன் முகவரி. அதற்குப் பக்கத்தில், மேற்படி முதல் நபரின் மகள் என்று இருக்கிறது. அசதியில் அந்தப் பெண் முதல் இரண்டு எழுத்தை விட்டுவிட்டாள். முதல் தடவை படிக்கும்போதே கண்ணில் பட்டுவிட்டது. குறிப்பதற்குக் கை போனது. அப்புறம் போகவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டேன். திருத்திக் கொண்டுவந்த பிரதியிலும் அது அப்படியே இருந்தது. மறுபடியும் படித்தேன், மறுபடியும் திருப்பினேன். முப்பத்தொரு வருஷத்தில் தெரிந்தே ஒரு பிழையை நான் விட்டதில்லை. திருட்டுப் பொருளைக் கொண்டுவருகிற மாதிரி அந்தக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இந்த உறையில் அந்தப் பத்திரம் இருக்கிறது. ஆறு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் நீ போட வேண்டும். போட்டதும் தாமதிக்காமல் வக்கீலுக்கே அனுப்பிவிடு. பதிவு நாளில் உனக்குப் பதிலாக ஆஜராக ஒரு அதிகாரப் பத்திரம் அவர் தனியாக அனுப்புகிறாராம். நான்காம் பக்கத்தில் அந்த வரிக்கு நேராக எந்தக் குறியும் போடவில்லை. சட்டத்துக்கு அது பிழைதான், தெரியும். நீ பார்த்து, மேலே இரண்டு எழுத்தைச் சேர்த்துப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால் செல்லும். நீ செய்யாவிட்டால் பதிவு அலுவலகத்தில் யாராவது கண்டுபிடித்துச் செய்வார்கள். யார் வேண்டுமானாலும் செய்யட்டும், எனக்கு வருத்தமில்லை. என் கையால் மட்டும் முடியவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிப் போடாதே. வீட்டு விஷயம் முடியட்டும், ஒரு வருஷம் போகட்டும் என்றெல்லாம் எனக்காக யோசிக்க வேண்டாம். கல்யாணம் ஆனாலும் கையெழுத்துச் செல்லும் என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் என்னைப் பற்றி என்ன சொல்வாயோ, உள்ளதைச் சொல், கடிதத்தைத் திருத்தி அனுப்பியதையும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் அந்த மழைக்கோட்டு போதாது, கனமானதாக ஒன்று வாங்கிக்கொள். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசிக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

நீ போகிற வீட்டில் உன்னை மருமகளே என்று கூப்பிட ஒரு அம்மா இருப்பார். அந்தச் சொல்லை அவருக்கே கொடுத்துவிடு அம்மாடி. அதில் இரண்டு எழுத்துப் போக மீதி இருப்பது எனக்குப் போதும்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அத்தை